வேங்கைக் கறை

எனக்குக் கறையைப் பத்தி நல்லாத் தெரியும். ஆத்தூர்ல பொறந்தவ நான். வெத்தலைக் கொடிக்காலும் வாழைத்தோப்புமா இருக்கிற ஊரு. வாழைக்கறை பட்ட பாவாடையை எங்கம்மா துவைக்கிறதுக்கு முன்னால என் முதுகுல ரெண்டு வச்சுட்டுத்தான் துவைப்பா. வெத்தலைக் கறை, மாங்காய்ப்பால் கறை, ரத்தக் கறை, எல்லாத்துக்கும் ஒரு வழி உண்டு. ஒண்ணுக்கு மோரு, ஒண்ணுக்கு எலுமிச்சம்பழம், ஒண்ணுக்கு வெறும் பச்சைத் தண்ணி. தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு பாத்த வேங்கை மரத்துக் கறைக்குத்தான் எங்கிட்ட வழி இல்லாமப் போச்சு. அந்தக் கறையை நான் திட்டாத திட்டு கிடையாது. அது ஒருநாள் காணாமப் போனப்போ சந்தோஷப்பட்ட ஒரே ஆளும் நான்தான்.

வாக்கப்பட்ட வீடு பழைய துறைமுகத்துக்குப் பக்கம். எங்க வீட்டுக்காரர் தோணித் தண்டல். தோணின்னதும் மீன் பிடிக்கிற சின்ன வள்ளத்தை நினைச்சுறக் கூடாது. பாய் விரிச்சு, வெங்காயமும் மிளகாயும் கூரை ஓடும் ஏத்திக்கிட்டுக் கொழும்புக்குப் போற பெரிய மரக்கலம். தண்டல்னா அதுக்குத் தலைவன். காத்துப் பாத்து ஓட்டுறதும் ஆளுகளை மேய்க்கிறதும் அவர் பொறுப்பு. வீட்டுல மூணே பேரு. அவர், நான், என் கொழுந்தன். கொழுந்தனும் அதே தோணியில ஆளு. தாயில்லாப் பிள்ளையா நின்னவனை அண்ணன்காரர்தான் தூக்கி வளத்தாரு. மீசை முளைச்சு ஆம்பிளையா ஆன பிறகும் அவன் சாப்பிட்டானான்னு கேட்டுட்டுத்தான் இவர் தட்டு முன்னால உக்காருவாரு. எனக்கு அதுல கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்க என்ன இருக்கு.

எனக்கு வாய் கூடுதல். மனசுல ஒண்ணு வந்தா அது நாக்குல தங்காது. அவர் ஒரு பேச்சைத் தொடங்குறதுக்குள்ள நான் மூணு பேச்சை முடிச்சிருப்பேன். "ஏளா, கொஞ்சம் மூச்சு விடு"ம்பாரு. அதுக்கு மேல அவருக்குக் கோவம் வந்து நான் பாத்ததில்ல.

மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல தோணி கொழும்புக்குப் போகாது. கரையில ஏத்தி வச்சு மராமத்துப் பாப்பாங்க. புது துறைமுகத்துக்குக் கல்லு ஏத்துன லாரிக ஓயாம ஓடிக்கிட்டிருந்த சமயம் அது. அந்த வருசம் எங்க தோணியில அடிப்பலகை அரிச்சுப் போச்சுன்னு மாத்துனாங்க. வழக்கமா ஆயினியோ மருதோ போடுவாங்களாம். அந்தத் தடவை செங்கோட்டைப் பக்கமிருந்து வேங்கை வந்து இறங்குச்சு. தோணி மொதலாளிக்கு வேங்கை மேல ஒரு கிறுக்கு. உலகத்துல வேற மரமே மரமில்லைம்பாரு.

மரம் அறுக்கிற இடத்துக்கு நான் மத்தியானம் சோறு கொண்டு போவேன். பட்டை உரிக்காம கிடந்த ஒரு தடியில கோடாலி பட்ட இடத்துல இருந்து செக்கச்செவேர்னு வடிஞ்சு, மண்ணுல சொட்டி, இறுகிப்போய்க் கிடந்துச்சு. ஈ மொய்க்குது. அதைத் தாண்டித்தான் நான் போகணும். சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டினேன். சோத்து வாளியைக் கீழ வைக்க எனக்கு மனசு வரலை. "என்னங்க இது, ஆட்டை அறுத்த மாதிரி"ன்னேன்.  அவர் தடியோட வெட்டுவாயில கையை வச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு. கை ஈரமா வந்துச்சு.

அன்னைக்கு மொதலாளி வந்திருந்தப்போ இவர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு.

"இது பச்சை மரம் மொதலாளி. நிழல்ல ஒரு வருசம் கிடக்கட்டும். இப்பமே ஆணி அடிச்சா பின்னால பலகை சுருங்கும்."

"ஒரு வருசம் தோணி கரையில கிடந்தா நாம எல்லாம் எங்க கிடக்கிறது? வேங்கை தண்ணிக்குப் பயப்படாத மரம் தண்டலு. உனக்குத் தெரியாததா?"

பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பஞ்சைத் திணிச்சு, குங்கிலியம் காய்ச்சிப் பூசி அடைக்கிறதுக்குக் கலப்பத்துன்னு பேரு. அதையும் அவசர அவசரமா முடிச்சாங்க. ஆணி அடிச்ச இடத்தைச் சுத்திக் கறுப்பா ஒரு வளையம் விழுந்திருந்ததை நான் பாத்தேன். ஒரு ஆணி விடாம எல்லாத்துக்கும் அந்த வளையம் இருந்துச்சு. அது எதுக்குன்னு யாரையும் கேக்கத் தோணலை.

புரட்டாசியில தோணி தண்ணியில இறங்குச்சு. முதல் நடை கொழும்புக்குப் போய்த் திரும்பின அன்னைக்குத் துணி மூட்டையைப் பிரிச்சவ அப்படியே நின்னுட்டேன். ரெண்டு பேரும் இடுப்புல கட்டுற சாரமும், பனியனும், தலையில கட்டுற துண்டும், காப்பித்தூளைக் கரைச்சு ஊத்துன மாதிரி பழுப்பு. எந்தத் தோணியா இருந்தாலும் கொஞ்சம் தண்ணி கசிஞ்சு அடியில சேரத்தான் செய்யும். அதை வாளியால மொண்டு மொண்டு வெளிய தள்ளணும். அந்தத் தண்ணி வேங்கைப் பலகையில ஊறிக் கிடந்து இந்த நிறம் எடுத்துருதுன்னு கொழுந்தன் சொன்னான். தண்ணி இறைக்கிறது தண்டல் வேலை இல்ல. ஆனா எங்க வீட்டுக்காரர் மத்தவங்களோட சேந்து இறங்கிருவாரு.

அன்னைக்கு ஆரம்பிச்சது எனக்கும் அந்தக் கறைக்கும் சண்டை. சவுக்காரம் கரைஞ்சது மிச்சம். மோர்ல ஊறப் போட்டேன், சோடா உப்புல வேக வச்சேன், எலுமிச்சம்பழத்தை வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு விரலெல்லாம் எரிஞ்சுச்சு. பழுப்பு கொஞ்சம் இளகி மஞ்சளாகும். அடுத்த நடையில மறுபடியும் அப்பிக்கிட்டு வரும்.

"என் சம்பாத்தியத்துல பாதி சாரமாப் போகுது, மீதி சவுக்காரமாப் போகுது"ன்னு அவர் சிரிப்பாரு.

"நீங்க ஏன் அங்கன இறங்குதீய? தண்டல்னா மேல உக்காந்து அதிகாரம் பண்ண வேண்டியதுதானே?"

"மைனி, அண்ணன் மேல உக்காந்தா நாங்க ஏய்ச்சுப்புடுவோம்னு பயம்"னு கொழுந்தன் எடுத்துக் கொடுப்பான்.

ஒருதரம் வேற பாத்திரம் இல்லாம இரும்பு வாளியில துணியை ஊறப் போட்டுட்டேன். மறுநாள் காலைல பாத்தா பழுப்பெல்லாம் கரிக்கறுப்பு. வாளியோட உள்பக்கம் பொரிப் பொரியா அரிச்சிருந்துச்சு. நான் தலையில அடிச்சுக்கிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் துணியைப் பாக்கவே இல்ல. வாளியைத் தூக்கி வெயில்ல பிடிச்சு, உள்ள விரலை விட்டுத் தடவினாரு. விரல்ல கறுப்பா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. "இரும்பைத் தின்னுதுளா"ன்னு மட்டும் சொன்னாரு. எனக்கு சாரம் போச்சேன்னு கவலை. அவர் தோணியில இருக்கிற ஆணிகளை நினைச்சுக்கிட்டிருந்தாருன்னு எனக்கு அன்னைக்குப் புரியலை.  அந்த வாளியைத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன்.

கார்த்திகை மாசம். அந்த நடையில அவருக்குக் கையில நகச்சுத்தி வந்து பெருசா வீங்கிருச்சு. வாளியைப் பிடிக்க முடியாம, அந்தத் தடவை அவர் கீழ இறங்கவே இல்ல. திரும்பி வந்ததும் கைக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுக் கட்டிவிட்டுட்டு, துணி மூட்டையைத் துவைக்கல்லுக்குத் தூக்கிட்டுப் போனேன். கொழுந்தனோட சாரத்தை எடுத்து உதறினேன். அந்த நடைக்குன்னு புதுசா எடுத்த வெள்ளைச் சாரம் வெள்ளையாவே இருந்துச்சு. பனியனும் அப்படித்தான். உப்புப் பூத்திருந்துச்சே தவிர ஒரு பொட்டுக் கறை கிடையாது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஓடிப்போய் அவர் முன்னால சாரத்தை விரிச்சுப் பிடிச்சேன்.

"பாத்தீயளா, உங்க வேங்கை தோத்துப் போச்சு. கறை நின்னுட்டு."

சாப்பிட்டுக்கிட்டிருந்தவரு கையை நிறுத்திட்டாரு.

"யாரு சாரம் அது?"

"உங்க தம்பி சாரம்."

"இதைக் கட்டிக்கிட்டுத்தான் இறைச்சானா?"

"ஆமா. வேற எதைக் கட்டுவான்?"

அவர் எந்திரிச்சு வந்து சாரத்தை வாங்கி, ரெண்டு கையாலயும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு.  பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சவரைத் திரும்ப உக்கார வைக்க என்னால முடியலை. கொழுந்தனைக் கூப்பிட்டாரு.

"ஏலே, இந்த நடையில தண்ணி கூடுதலா இறைச்சீங்களா?"

"கொஞ்சம் கூடுதல்தான். மழை பெஞ்சுச்சுல்லா?"

"மழைத் தண்ணியா இருந்தாலும் ஒரு பொழுது பலகையில கிடந்தா வேங்கை அதையும் காவியாக்கிரும்லே."

எனக்கு அப்பவும் விளங்கலை. என் மூஞ்சியைப் பாத்துட்டு அவரே சொன்னாரு. மெள்ளக் கசியுற தண்ணி ராப்பகலா அடியில கிடந்து பலகையோட நிறத்தை வாங்கிக்கும். அது பழுப்பா இருக்கிற வரைக்கும் தோணிக்குக் கேடு இல்ல. தண்ணி வெளுத்து இருந்தா, அது அங்கன கிடந்து ஊறுன தண்ணி இல்ல. இப்பம் உள்ள வந்த தண்ணி. இறைக்க இறைக்க வந்துக்கிட்டே இருக்கிற கடல். எங்கயோ ஒரு பலகை வாயைத் திறந்துட்டு.

நான் அவர் கையில இருந்த சாரத்தைப் பாத்தேன். இத்தனை நாளா நான் தேய்ச்சு அழிக்கப் பாத்தது என் புருசன் உசுரோட இருக்கார்ங்கிறதுக்கு அடையாளமான்னு நினைச்சேன். 

மறுநாள் காலைல அவர் மொதலாளியைப் பாக்கக் கிளம்பினாரு. இந்த மனுசன் அங்கன போய் ரெண்டு வார்த்தையோட நிறுத்திக்கிருவாருன்னு தெரிஞ்சு நானும் கூடவே போனேன். கொழுந்தனும் வந்தான். மொதலாளி கிட்டங்கியில வெங்காய மூட்டைகளுக்கு நடுவுல மேசை போட்டு உக்காந்திருந்தாரு. கெட்டவர்னு சொல்ல மாட்டேன். எங்க கல்யாணத்துக்கு வந்து வாசல்ல நின்னு வாழ்த்துனவர்தான்.

இவர் விஷயத்தைச் சொன்னதும் மொதலாளி மேசையில இருந்த மர டம்ளரை எடுத்து எங்க முன்னால வச்சாரு. அவருக்குச் சர்க்கரை வியாதி. வேங்கை டம்ளர்ல ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு, விடிஞ்சதும் அதைக் குடிப்பாரு. அதுலதான் அவர் உசுர் ஓடுதுன்னு அவருக்கு நம்பிக்கை. வேங்கைக் கிறுக்கு வந்தது அந்த வழியிலதான்.

"இதைப் பாரு தண்டலு. வாங்கின புதுசுல இதுல தண்ணி தேன் நிறத்துல இருக்கும். ஓரத்துல நீலம்கூடத் தெரியும். இப்பம் பச்சைத் தண்ணி. ஏன்? மரம் வடிஞ்சு முடிச்சிட்டு. டம்ளர் ஓட்டையாயிட்டுன்னா அர்த்தம்? நான் இதோட எத்தனை டம்ளர் மாத்தியிருக்கேன். வேங்கையைப் பத்தி எனக்கா தெரியாது? உன் தோணியும் வடிஞ்சு முடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"டம்ளர்ல தண்ணி உள்ள நிக்கி மொதலாளி. தோணிக்குத் தண்ணி வெளியில்லா நிக்கி."

"டம்ளரு கையளவு கட்டை. அடிப்பலகை அம்புட்டுத் தடிமன். நாலு நடையில எங்கன இருந்து வடிஞ்சு முடிக்கும்? சாரத்தைத் துவைக்கிற எனக்கில்லா தெரியும்"னு நான் உள்ள புகுந்தேன்.

"நீ செத்த சும்மா இரும்மா"ன்னாரு மொதலாளி.

"கரையில ஏத்திக் கலப்பத்துப் பாக்கணும். பாக்காம நான் ஏற மாட்டேன்"னாரு இவர். அவர் வாயில இருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்ல.

ஓடு ஏத்தி முடிச்சாச்சு, வாடைக்காத்து வாகா இருக்கு, கிறிஸ்மஸுக்கு முன்னால ஒரு நடை போயே ஆகணும்னு மொதலாளி சொன்னாரு. இவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரே தவிர ஏறுதேன்னு சொல்லலை. மொதலாளி கண்ணு மெதுவா எங்களைத் தாண்டி வாசல்ல நின்ன என் கொழுந்தன் மேல போச்சு.

"நீ ஓட்டுதியாலே?"

அவன் அண்ணனைப் பாத்தான். அண்ணன் வேண்டாம்னு தலையாட்டுனதை நான் பாத்தேன், அவனும் பாத்தான். அவனுக்கு ஒரு பொண்ணு பேசிக்கிட்டிருந்தோம். தண்டலா இருந்தா யோசிக்கலாம்னு பொண்ணு வீட்டுல சொல்லியிருந்தாங்க. அது அவன் மனசுல இருந்துச்சு.

"ஓட்டுதேன் மொதலாளி"ன்னுட்டான்.

வீட்டுக்கு வந்து ரெண்டு பேருக்கும் பேச்சு. நான் நடுவுல நின்னேன்.

"நீ வேணாம்னு விட்ட எடத்துல வேற எவனாவது ஏறத்தாண்ணே போறான். நான் ஏறுனா என்ன?"

"எவனும் ஏறக் கூடாதுன்னுதாம்லே சொல்லுதேன்."

"மொதலாளி சொல்லுததுலயும் நியாயம் இருக்குல்லா? மரம் வடிஞ்சு முடிச்சிருக்கும். உனக்கு அந்தத் தோணி மேல ஒரு பயம் புடிச்சிட்டு."

 அவர் கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் அவனை ஏசத்தான் செஞ்சேன். ஏலே, உங்க அண்ணன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு நிக்கியேன்னு கேட்டேன். ஆனா உள்ளுக்குள்ள எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இப்பவும் சொல்லுதேன், நிம்மதியாத்தான் இருந்துச்சு. என் புருசன் கரையில நிக்காரு. கொழுந்தன் போறானேன்னு வருத்தம் இருந்தது வாஸ்தவம். அது வேற, இது வேற. அன்னைக்குச் சாயந்தரம் சீலா மீன் வாங்கிட்டு வந்து குழம்பு வச்சேன். அவர் ஒரு வாய்க்கு மேல சாப்பிடலை.

தோணி கிளம்புற அன்னைக்குக் காலைல கொடியில காஞ்ச சாரத்தை உருவி அவர் மடிச்சுக்கிட்டிருந்தாரு. ஒரு சாரம், ஒரு பனியன், ஒரு துண்டு.

"எங்க?"ன்னேன்.

"தண்ணி இறைக்க."

  வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டேன். பயம்னு நாலு பேரு சிரிச்சதைப் பொறுத்துக்கிட்டேன், வேலை போனதைப் பொறுத்துக்கிட்டேன், இதை மட்டும் பொறுக்க மாட்டேன்னு கத்தினேன். ஏற மாட்டேன்னு சொன்ன வாய் எங்க போச்சுன்னு கேட்டேன். கை ஆறலையேன்னேன். என்னைவிட உங்களுக்கு அவன்தான் பெருசான்னு கேட்டேன்.

அவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு.

"பெருசு, சின்னதுன்னு இல்லளா. அவன் நல்லாத்தான் ஓட்டுவான். ஆனா எவ்வளவு தண்ணி வருதுன்னு கீழ ஒருத்தன் பாக்கணும்லா? பயலுக இறைப்பானுவ, பாக்க மாட்டானுவ. நான் கீழ இருந்தா, திருப்புலேன்னு ஒரு சத்தம் கொடுப்பேன். நான் சொன்னா அவன் கேப்பான்."

"இப்பம் சொன்னதைக் கேட்டானா?"

 அவர் என் தோளைப் பிடிச்சு மெதுவா நகத்திட்டுப் போனாரு. நான் பின்னாலயே துறைமுகம் வரைக்கும் போனேன். கொழுந்தன் அண்ணனைப் பாத்ததும் சுக்கானை விட்டுட்டு விலகி நின்னான். அவன் முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. "பிடிலே. தண்டல் நீதான்"னு சொல்லிட்டு இவர் அடித்தட்டுக்கு இறங்கினாரு. மறுபடி மேல வந்து கையைக் காட்டுவாருன்னு தோணி மறையுற வரைக்கும் நின்னேன். அவர் வரலை. அப்பமே இறைக்க ஆரம்பிச்சிருப்பாரு.

அடுத்த நாளே வாடை மூர்க்கமா அடிக்க ஆரம்பிச்சிட்டு. வீட்டுக் கதவு தானா அடிச்சுக்கிடும். பழைய துறைமுகத்துல மத்தத் தோணிகள்லாம் ஒண்ணும் கிளம்பாமக் கட்டிப் போட்டுக் கிடந்துச்சு. நான் போய்ப் போய்ப் பாத்துட்டு வந்தேன். எங்கிட்டப் பேச வந்தவங்க வேற பக்கம் பாத்துக்கிட்டுப் பேசுனாங்க. கோயிலுக்குப் போனா முழங்கால்ல நிக்கத்தான் முடிஞ்சது, செபம் வரலை. வீட்டுக்கு வந்து இருந்த துணியெல்லாம் எடுத்துத் துவைச்சேன். துவைக்க அழுக்கே இல்லாத துணியைக்கூட அடிச்சுத் துவைச்சேன். 

ஒருநாள் காலைல மொதலாளியே வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. அதுவரைக்கும் அவர் எங்க தெருவுக்குள்ள வந்ததில்ல.

"பெரியதாழைக் கரையில தோணி மணல்ல ஏறிட்டாம். வாம்மா, கார் நிக்கி."

"ஆளுக?"

"ஆளுக கரையேறிட்டாவன்னுதான் சொல்லுதாவ."

கண்ணைப் பாத்துச் சொல்லலை. கார்ல பின்சீட்டுல நான் ஒரு ஓரம், அவர் ஒரு ஓரம். நடுவுல ஒரு துணிக்கடைப் பொட்டலம் இருந்துச்சு. முக்காணிப் பாலம் வந்துச்சு, ஆத்தூர் வந்துச்சு. எங்கப்பா வீட்டுத் தெரு வழியாத்தான் கார் போச்சு. நான் தலையைத் தூக்கலை. அந்தப் பொட்டலத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். ரோடு குலுக்குனதுல காகிதம் ஒரு மூலையில கிழிஞ்சு, உள்ள கோடித் துணி தெரிஞ்சுச்சு. வெள்ளை.

"இது யாருக்கு?"ன்னேன்.

மொதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.  திருச்செந்தூர் தாண்டிக் கடல் கண்ணுல பட ஆரம்பிச்சப்போ, அந்தப் பொட்டலத்தை எடுத்து என் மடியில வச்சுக்கிட்டேன்.

தோணி ஒருக்களிச்சு மணல்ல கிடந்துச்சு. அலை வந்து வந்து அடிச்சுக்கிட்டிருந்துச்சு. கரை முழுக்க உடைஞ்ச ஓடு. என் கொழுந்தன் மணல்ல உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான், முடியலை. அவன் சொன்னது இதுதான். பாதிக் கடல்ல அண்ணன் கீழ இருந்து, திருப்புலேன்னு சத்தம் கொடுத்தாரு. இவன் திருப்பினான். கேட்டுட்டான், அந்த ஒரு தடவை கேட்டுட்டான். ஆனா வாடை தூத்துக்குடிக்கு விடலை, தெக்க தள்ளிக்கிட்டே போச்சு. கொஞ்ச நேரத்துல எல்லாரும் மாறி மாறி இறைச்சாங்க. அண்ணன் மட்டும் மாறவே இல்ல. கரை தெரிஞ்சதும், மேல வாண்ணேன்னு இவன் கத்தியிருக்கான். இந்தா வாரேன்னு பதில் வந்துச்சு. அந்த நேரம் தோணி மணல்ல முட்டி, ஏத்தி வச்ச ஓடு பூராவும் ஒரு பக்கமாச் சரிஞ்சு, அவர் மேல வர்ற வழியை அடைச்சுட்டு.

கோயில் பக்கத்துல ஒரு கொட்டகையில அவரைக் கிடத்தியிருந்தாங்க. முகத்துல ஒரு கீறல்கூட இல்ல. விரல் பத்தும் தண்ணியில ஊறிச் சுருங்கி வெளுத்துப் போயிருந்துச்சு. நகச்சுத்தி வந்த விரலுக்கு நான் கட்டிவிட்ட துணி அதுல இல்ல.

மழைக்காலம். அந்த ஊர் ஆசாரிகிட்ட அன்னைக்குப் பெட்டி அடிக்கக் காஞ்ச பலகை இல்ல. தோணியில இருந்து உடைஞ்சு கரையில ஒதுங்கிக் கிடந்த அடிப்பலகையை ஈரத்தோட எடுத்து அளவுக்கு அறுத்துப் பெட்டி செஞ்சுட்டாங்க. யாரும் வேணும்னு செய்யலை. நல்ல மரம்னு தொட்டுப் பாத்துத்தான் செஞ்சிருக்காங்க. மொதலாளி கொண்டு வந்த கோடித் துணியை உள்ள விரிச்சு அவரைக் கிடத்தினாங்க. மொதலாளி கோயிலுக்குள்ள வரலை. வெளிச் சுவருல சாஞ்சு நின்னாரு.

சாமியார் செபம் சொல்லி முடிச்சு, பெட்டியை மூடுறதுக்கு முன்னால கடைசியாப் பாக்கச் சொன்னாரு. கொழுந்தன் என் பக்கத்துல வந்து நின்னான். அவன் உள்ளங்கையில தோல் இல்ல, துணி சுத்தியிருந்துச்சு.

"மைனி"ன்னான்.  "கிளம்பும்போது தோணி நல்லாத்தான இருந்துச்சு? நடுக்கடல்ல காத்துலதான் பலகை விட்டுச்சு. என் சாரம் வெளுத்தது மரம் வடிஞ்சு முடிச்சதுனாலதான, மைனி? நீங்கதான துவைச்சீங்க. நீங்க சொல்லுங்க."

நான் குனிஞ்சு பெட்டிக்குள்ள பாத்தேன். அவர் தோளுக்குக் கீழ, வெள்ளைத் துணி பலகையோட ஒட்டுற ஓரத்துல, பழுப்பு ஏறிக்கிட்டிருந்துச்சு. முதல்ல ஒரு கோடு மாதிரி தெரிஞ்சது. நான் பாக்கப் பாக்க அது துணியில பரவி மேல வந்துச்சு. அந்த நிறத்தை எனக்கு வேற யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. மரம் இன்னும் வடிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

மனசுல வந்தது நாக்குல தங்காத பொம்பளை நான். வெளிய சுவருல சாஞ்சு நின்ன ஆளை உள்ள இழுத்துட்டு வந்து, இங்கன பாருங்க மொதலாளின்னு கத்தணும்போல இருந்துச்சு. கொழுந்தன் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னான். அவன் இன்னும் பெட்டிக்குள்ள பாக்கலை.

துணியோட மடிப்பை இழுத்து அந்த இடத்தை மூடினேன். மூடி, அது மேல என் கையை வச்சுக்கிட்டேன்.

"ஆமாலே"ன்னேன். "வடிஞ்சுதான் முடிச்சிருந்துச்சு."

அவன் அப்பத்தான் அழ ஆரம்பிச்சான். என் உள்ளங்கைக்குக் கீழ ஈரம் ஏறுறது எனக்குத் தெரிஞ்சுச்சு. பெட்டியை மூடுற வரைக்கும் நான் கையை எடுக்கலை.